அரண்மனைக்குச் சொந்தமான ஆறு வீசை

முன்னொரு காலத்தில், கண் சொல்வதை நம்பாமல் தராசு சொல்வதை மட்டும் நம்பிய ராஜா ஒருவர் இருந்தார். பிறவியிலேயே அவர் அப்படி இல்லை. பாகர்கள் கவளத்தையும் கரும்பையும் சந்தையில் விற்றுவிட்டு அரண்மனை யானைகளை எலும்பும் தோலுமாக நிறுத்தியிருந்தது ஒருநாள் அவர் காதுக்கு எட்டியது. அன்றைக்குப் பிடித்த பித்து அது. யானையையே தூக்கி நிறுக்கும்படி பெரிய துலாக்கோல் ஒன்று செய்யச் சொன்னார். கோட்டை வாசலில் ஒரு கல்லை நட்டு, அதில் இப்படிச் செதுக்க வைத்தார்:

‘அரண்மனைச் சோற்றில் வளர்ந்தது எதுவாயினும் அரண்மனைப் பொருள். அதன் எடை குறைந்தால், குறையவிட்டவனுக்கு வீசைக்குப் பத்துக் கசையடி. அது வீதியில் வரும்போது எதிர்ப்படுவோர் ஒதுங்கி நின்று, மேல்துண்டை இறக்கிக் கும்பிட வேண்டும்.’

யானைகள் தேறிவிட்டன. துலாக்கோல் சும்மா நின்றது. ராஜாக்கள் வீட்டில் ஒரு பொருள் சும்மா நின்றால் ஊருக்குத்தான் ஆபத்து. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சபையில் உள்ளவர்களையும் சேவகர்களையும் ஏற்றி நிறுக்கத் தொடங்கினார் ராஜா. “எடை கூடியவன் எதையோ மறைக்கிறான்” என்று தாமே ஒரு வாக்கியமும் கண்டுபிடித்து, அதைத் தாமே மெச்சிக்கொண்டார்.

அந்தச் சபையின் விகடக்காரன் தோணியப்பன். எட்டு வீசை சேர்ந்தால் ஒரு மணங்கு; சித்திரைப் பௌர்ணமியில் சரியாக ஆறு மணங்கு இருந்தான். வைகாசியில் இரண்டு வீசை கூடினான். “மகாராஜா சொன்ன பாராட்டெல்லாம் உடம்பில் ஒட்டிவிட்டது” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். ஆனியில் இன்னும் இரண்டு வீசை. அன்றைக்குச் சிரித்தவர்கள் அவன் சொன்னதற்குச் சிரிக்கவில்லை, அவன் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வித்தியாசம் விகடக்காரனுக்குத் தெரியாமல் போகுமா?

ராஜவைத்தியர் மருதவாணர் மீசையைத் தடவிக்கொண்டு, “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று பத்தியம் சொன்னார். தோணியப்பன் ஒரு சொல் மீறவில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கொள்ளு ரசமும் வாழைத்தண்டும், இரவில் ஒரு குவளை மோர். நெய்யை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோழி கூவுமுன் எழுந்து, கோட்டைக்குப் பின்னால் இருக்கிற குன்றின் முந்நூறு படிகளையும் மூன்று தடவை ஏறி இறங்கினான். முதல் வாரம் நாக்குத் தள்ளியது. மூன்றாம் வாரம் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினான்.

ஆடிப் பௌர்ணமி வந்தது. தட்டில் ஏறி உட்கார்ந்தான். ஆறு மணங்கு, ஆறு வீசை.

சபை கொல்லென்று சிரித்தது. தோணியப்பனுக்கு உடம்பு முழுவதும் கூசியது.

“தோணியப்பா, உண்மையைச் சொல். என்ன தின்கிறாய்?” என்றார் ராஜா.

“வைத்தியர் சொன்னதை மட்டும்தான் மகாராஜா.”

“பிறகு ஏன் கூடுகிறது?”

“எனக்குத் தெரியவில்லை மகாராஜா.”

வைத்தியர் எழுந்தார். தம் மருந்து பலிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட, நோயாளி திருடன் என்று சொல்வது எந்த வைத்தியருக்கும் சுலபம். “தின்னாமல் உடம்பு வளராது மகாராஜா. என் பத்தியம் பொய்க்காது. இவர் வாய் பொய் சொல்கிறது” என்றார்.

மந்திரி கச்சிராயர் இந்தத் தருணத்துக்காகவே காத்திருந்தவர். ராஜா யோசனை கேட்கும்போதெல்லாம் தோணியப்பன் குறுக்கே விழுந்து சிரிக்க வைத்து, மந்திரியின் யோசனையைக் காற்றில் பறக்கவிடுவான். அந்தக் கசப்பு நெஞ்சில் கட்டியாக இருந்தது. “வீட்டில் கூழ்தான் குடிக்கிறார் என்று ஊரே சொல்கிறது. அப்படியானால் மற்றது எங்கிருந்து வந்தது? அரண்மனை மடைப்பள்ளியிலிருந்துதான். வாசல் கல்லில் மகாராஜாவே செதுக்கியிருக்கிறீர்கள், அரண்மனைச் சோற்றில் வளர்ந்தது அரண்மனைப் பொருள் என்று. ஆகவே அந்த ஆறு வீசைச் சதை அரண்மனைக்குச் சொந்தம்” என்றார்.

“ஆகா!” என்றார் ராஜா. சட்டம் பேசினால் அவருக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். “அப்படியே தீர்ப்பளித்தோம். தோணியப்பா, அடுத்த பௌர்ணமிக்குள் அந்த ஆறு வீசையையும் இறக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் திருடன் என்று எழுதி, கழுதை மேல் ஏற்றி, எல்லைக்கு அப்பால் விடுவோம்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

மந்திரி அதோடு விடவில்லை. ஒண்டிமுத்து என்ற அரண்மனைச் சேவகனைத் தோணியப்பன் வீட்டுக்குக் காவலாக அனுப்பினார். “அவன் தின்பதைத்தான் நீயும் தின்ன வேண்டும், அவன் போகிற இடத்துக்கெல்லாம் நீயும் போக வேண்டும், எப்போது திருடுகிறான் என்று பார்” என்று உத்தரவு. பாவம் ஒண்டிமுத்து, விருந்துச் சாப்பாடு கிடைக்கும் என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தான். கூழைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

பதினைந்து நாள் இருவரும் ஒரே பானைக் கூழைக் குடித்தார்கள், ஒரே குன்றில் ஏறினார்கள். ஒண்டிமுத்துவின் இடுப்பு வேட்டி நிற்காமல் நழுவியது. தோணியப்பன் வெல்லமண்டிக்குப் போய், அங்கிருந்த தராசில் ஏறிப் பார்த்தான். இன்னும் ஒரு வீசை கூடியிருந்தது.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்தவன் அழுதுவிட்டான். ஊரைச் சிரிக்க வைக்கிறவன் அழுவதைப் பார்க்க ஒண்டிமுத்துவுக்கே பொறுக்கவில்லை, கிணற்றுப் பக்கம் போய்விட்டான்.

தோணியப்பன் மனைவி வடிவு முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“இப்ப என்ன ஆயிடுச்சுன்னு அழுவுறீங்க?”

“இந்த உடம்பே எனக்குத் துரோகம் பண்ணுது வடிவு. நான் சொல்றத அது கேக்கல, அது பண்றத ஊரு நம்பல. கழுதை மேல ஏத்துறது பெருசில்ல. நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்களே, அதான் தாங்கல. ஒனக்குமா சந்தேகம்னு ஒன்னையும் கேக்கப் பயமா இருக்கு.”

“நான்தானே ஒலை வைக்கிறேன்? எனக்குத் தெரியாதா?” வடிவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. “ஒண்ணரை மாசமா நாயா பேயா அலையிறீங்க. ஒடம்பு ஏன் ஏறுதுன்னு ஒடம்புக்கே தெரியாம இருக்கலாம். அதுக்கு நீங்க ஏன் தலையத் தொங்கப் போடணும்? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன? அவங்க சொத்துன்னு தீர்ப்பே சொல்லிட்டாங்கல்ல? அப்ப அவங்க சொத்த அவங்களே வந்து சொமக்கட்டும்! நீங்க ஏன் கூலியில்லாம சொமக்கிறீங்க?”

தோணியப்பன் கண்ணைத் துடைத்தான். “என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு.”

“அவங்க சொத்து, அவங்க சொமக்கட்டும்.”

அவன் எழுந்து நேராகக் கோட்டை வாசலுக்குப் போனான். கல்லில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூன்று முறை படித்தான். மந்திரி முதல் வரியோடு நிறுத்திவிட்டார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திரும்பி வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான்.

ஆவணிப் பௌர்ணமி அன்று காலை ராஜவீதியில் யானை மணி கேட்டது. சனங்கள் விலகி நின்று பார்த்தால், யானையைக் காணோம். தோணியப்பன் வருகிறான். பாகனிடம் இரவல் வாங்கிய யானை மணி அவன் வயிற்றில் தொங்குகிறது. முன்னால் ஒண்டிமுத்து, “அரண்மனைப் பொருள் வருகிறது! விலகு, விலகு! துண்டை இறக்கு!” என்று தொண்டை கிழியக் கத்துகிறான். ஒரு மாதம் கூழ் குடித்த ஆத்திரம் அந்தக் குரலில் இருந்தது.

செட்டியார்கள் துண்டை இறக்கினார்கள். குதிரைக்காரர்கள் துண்டை இறக்கினார்கள். தோணியப்பன் யாரையும் பார்த்துக் கூசவில்லை. எத்தனை நாள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தவன்! இன்றைக்கு அதை நன்றாக முன்னால் விட்டுக்கொண்டு நடந்தான்.

சபை வாசலில் மந்திரியும் வைத்தியரும் எதிரே வந்தார்கள்.

“இது என்ன கூத்து?” என்றார் மந்திரி.

“கூத்தில்லை ஐயா, தங்கள் தீர்ப்பு. துண்டு இன்னும் தோளில் இருக்கிறதே? வாசலில் கல் இருக்கிறது, படித்துக்காட்டச் சொல்லட்டுமா?”

உள்ளே சிம்மாசனத்தில் இருந்து ராஜா பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. இரண்டு பட்டுத் துண்டுகளும் தோளிலிருந்து இறங்கின. இரண்டு பேரும் தோணியப்பனின் வயிற்றைக் கும்பிட்டார்கள்.

துலாக்கோலில் ஏற்றினார்கள். ஏழு மணங்கு. ஒரு வீசை குறைவில்லை.

“மீறிவிட்டான் மகாராஜா!” என்று துள்ளினார் மந்திரி. “இறக்கச் சொன்னோம், ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். கழுதையைக் கொண்டுவரச் சொல்லட்டுமா?”

தோணியப்பன் தட்டில் இருந்து இறங்காமலே கைகட்டிப் பேசினான்.

“மகாராஜா, ஆறு வீசை தங்கள் பொருள் என்று தீர்ப்பானது. தங்கள் பொருளை நான் குறையவிட்டால், கல்லின் இரண்டாம் வரிப்படி எனக்கு அறுபது கசையடி. காவல் காப்பவன் பொருளைப் பெருக்கினால் குற்றமா, அழித்தால் குற்றமா? தங்கள் பொருளை அழிக்கச் சொல்லித் தங்களுக்கே யோசனை சொன்னவர் யார் என்று கேளுங்கள்.”

ராஜாவின் மீசை துடித்தது. மந்திரி விடுவதாக இல்லை. “சாமர்த்தியமெல்லாம் இருக்கட்டும். தின்றது எங்கிருந்து? அதற்குப் பதில் உண்டா?”

“அதற்குப் பதில் சொல்லத் தாங்களே ஆள் அனுப்பினீர்கள். ஒண்டிமுத்து, ஏறு.”

ஒண்டிமுத்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு தட்டில் ஏறினான். போன பௌர்ணமிக்கு இப்போது மூன்று வீசை குறைந்திருந்தான்.

“சொல் ஒண்டிமுத்து. நான் என்ன தின்றேன்?” என்றான் தோணியப்பன்.

“கூழு, கொள்ளு ரசம், தண்டு சாமி. அதேதான் நானும். ராத்திரி அவரு காலோட என் காலக் கட்டிக்கிட்டுத்தான் படுத்தேன். ஒரு கவளம் திருட்டுத்தனமாத் திங்கல. சத்தியமாச் சொல்றேன், அவரு திருடியிருந்தா எனக்கும் பாதி குடுங்கன்னு கேட்டிருப்பேன்!”

“மகாராஜா, ஒரே பானை, ஒரே குன்று. அவன் இளைத்தான், நான் ஏறினேன்” என்றான் தோணியப்பன். “இன்னொன்றும் உண்டு. ஒண்டிமுத்து பிறந்ததிலிருந்து அரண்மனைச் சோற்றில் வளர்ந்தவன். முழு ஆளும் அரண்மனைப் பொருள். அவனை என் வீட்டுக் கூழுக்கு அனுப்பி மூன்று வீசை குறையவிட்டவர் மந்திரியார். வீசைக்குப் பத்து. எண்ணுகிறவர் யார்?”

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கிரீடம் சரிந்தது, பிறகு கண்ணில் நீர் வந்தது. மந்திரி முகத்தில் ஈயாடவில்லை.

“கசையை எடுத்துவாருங்கள்!” என்று சிரிப்புக்கு நடுவே சொன்னார் ராஜா.

“வேண்டாம் மகாராஜா. அந்த முப்பது அடியையும் நான் விட்டுத் தருகிறேன். அதற்குப் பதில் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். ராஜவைத்தியர் இந்தச் சபையில் எழுந்து, என் உடம்பு ஏன் ஏறுகிறது என்று சொல்ல வேண்டும்.”

வைத்தியர் எழுந்தார். வாதம் என்றார், பித்தம் என்றார், கபத்துக்கு வந்து நின்றார். ஜாதகத்தில் குரு பார்வை என்றும் ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தார். தோணியப்பன் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். வைத்தியரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

“எனக்கு... எனக்குத் தெரியவில்லை மகாராஜா” என்றார் கடைசியில்.



“இதே வார்த்தையை ஆடிப் பௌர்ணமியில் நான் சொன்னேன் மகாராஜா. நான் சொன்னபோது அது திருட்டு. அவர் சொன்னால் அது வைத்தியமா?” என்றான் தோணியப்பன்.

ராஜா சிரிப்பை நிறுத்தினார். சிம்மாசனத்தில் இருந்து இறங்கி வந்து, தம் தோளில் இருந்த பட்டுத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “கல்லில் எழுதியது எனக்கும் சேர்த்துத்தான். தோணியப்பா, நீ சொன்னது உண்மை. நான் தராசைக் கேட்டேன், உன்னைக் கேட்கவில்லை” என்றார். துலாக்கோலை அன்றைக்கே நெல் மண்டிக்கு அனுப்பச் சொன்னார். தோணியப்பனுக்குப் பொன் அரைஞாண் செய்து போடும்படி உத்தரவிட்டு, யானை மணியைக் கண்டதும் மறுபடி சிரிக்கத் தொடங்கி, சிரித்துக்கொண்டே சபையைக் கலைத்தார். ஒண்டிமுத்துவை நேரே மடைப்பள்ளிக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் தோணியப்பன் குன்று ஏறிவிட்டு வந்தபோது, பொற்கொல்லர் அளவெடுக்க வீட்டில் காத்திருந்தார். இரண்டு மாதமாக ஏறி ஏறி அந்தப் படிகள் மேல் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. எடைக்கும் அதற்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை.

பொற்கொல்லர் நூலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெல்ல, “அம்மா, இதே அளவுக்கு முடிச்சிடவா? இல்ல, கொறையும்னு கொஞ்சம் சின்னதாச் செய்யவா?” என்று கேட்டார்.

வடிவு அடுப்படியிலிருந்தே சொன்னாள்:

“எட்டுக் கண்ணி கூடவே வையுங்க. ஏறினாலும் எறங்கினாலும் அது எங்க வீட்டுச் சொத்து.”