மன்னர் பார்த்திராத மாம்பழம்

முன்னொரு காலத்தில், பெயரும் எல்லையும் இன்று யாருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டை, ஆண்டுதோறும் மாம்பழம் தின்றும் ஒரு மாம்பழத்தைக்கூடப் பார்த்திராத மன்னர் ஒருவர் ஆண்டு வந்தார்.

அதில் அவர் குற்றம் ஏதுமில்லை. அவருடைய பாட்டனாருக்கு யாரோ உணவில் நஞ்சு கலந்து கொடுத்துவிட்டார்கள். அவர் பிழைத்து எழுந்ததும் முதல் வேலையாக மடைப்பள்ளி வாசலில் ஒரு கல்லை நட்டு, ஆணை ஒன்றைப் பொறித்து வைத்தார். வேறோர் உயிர் உண்டு, அது நலமாக இருக்கக் கண்ட பிறகே அரசர் எதையும் உண்ண வேண்டும் என்றது அந்த ஆணை. எச்சில் பட்டதை அரசர் வாயில் வைக்கக் கூடாது என்றது அதன் அடுத்த வரி. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற மடைப்பள்ளியார் ஒரு வழி வைத்திருந்தார்கள். எந்தப் பண்டமானாலும் அறுத்தோ பகுத்தோ ஒரு பங்கை 'உண்டுகாட்டி' என்னும் பணியாளருக்குக் கொடுப்பார்கள். அவர் தின்றுவிட்டு மணையில் உட்கார்ந்திருப்பார். நெடுநேரம் கழித்து அரண்மனை வைத்தியர் அவர் முகத்தைப் பார்த்துத் தலையசைப்பார். அதன் பிறகுதான் மறுபங்கு மன்னரிடம் போகும். அதற்குள் சோறு ஆறியிருக்கும், அப்பளம் நமத்திருக்கும். மாம்பழமோ தோல் சீவி, கொட்டை நீக்கி, சிறு சிறு துண்டுகளாகி, வழிந்த சாறெல்லாம் துணியால் ஒற்றப்பட்டு, வெள்ளித் தட்டில் வாடிப்போய் வந்து சேரும். மன்னர் இரண்டு துண்டு தின்பார். பிறகு தட்டைத் தள்ளிவிடுவார்.

மாம்பழத்துக்குள் கொட்டை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

அந்த மன்னரின் அவையில் சேந்தன் என்றொரு விகடன் இருந்தான். அவையில் அவன் வாய் திறந்தால் தூண்கள்கூடச் சிரிக்கும் என்பார்கள். அவை கலைந்த பிறகு அவனைப் போலப் பேசாதவனும் அந்த ஊரில் இல்லை. மதில் ஓரம் உட்கார்ந்து ஒரு பல்லியை அரைநாள் பார்த்துக்கொண்டிருப்பான். மற்றவர்களைச் சிரிக்க வைத்து முடித்த பிறகு தனக்கென்று மிஞ்சுவது அந்த மௌனம்தான் என்று அவன் நினைத்திருந்தான்.

சித்திரை மாதத்து நடுப்பகல் ஒன்றில் மன்னர் யானை மேல் நகர்வலம் போனார். சேந்தன் ஒரு மட்டக்குதிரையில் பின்னால் போனான். ஊருக்கு வெளியே கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய் இருந்த இடத்தில் யானை சற்றுத் தயங்கியது. அங்கே கிளிஞ்சல் குவியலின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலைமயிர் முதல் கால்விரல் வரை சுண்ணாம்புத் தூசி படிந்து, வெள்ளைப் பதுமை போல இருந்தாள். அவள் இரு கைகளிலும் ஒரு பழம். அதை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மஞ்சள் சாறு மணிக்கட்டில் இறங்கி, வெள்ளைத் தோலில் கோடு போட்டுக்கொண்டு முழங்கையில் சொட்டியது. கண்கள் மூடியிருந்தன. முரசு முழங்கியது, கொம்பு ஊதினார்கள். அவள் எழுந்திருக்கவும் இல்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை.

காவலன் ஒருவன் சவுக்கை ஓங்கினான். மன்னர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். ஊர்வலம் முழுவதும் வெயிலில் நின்றது. கடைசியில் அந்தப் பெண் எதையோ வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டாள். அப்போது அவள் முகத்தில் இருந்ததைக் கருவறை முன் நிற்பவர்களிடம் மட்டுமே சேந்தன் பார்த்திருந்தான். அவன் மன்னரை அண்ணாந்து பார்த்தான். மன்னர் மூச்சு விடுவதையே மறந்தவர் போல இருந்தார்.

மறுநாள் அவையில் மன்னர் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பெண் தின்ற பழம் எது என்பதுதான்.

அவையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் மடைப்பள்ளித் தலைவர் காளத்திநாதரைப் பார்த்தார்கள். அவருக்கு வியர்த்துவிட்டது. அது மாம்பழம் என்று சொன்னால், அப்படியானால் இத்தனை நாள் எனக்கு நீர் கொடுத்தது என்ன என்று மன்னர் கேட்பார். எனவே அது ஏதோ காட்டுப் பழமாக இருக்க வேண்டும், தேடச் சொல்கிறேன் என்று காளத்திநாதர் மழுப்பினார். பலாச்சுளை வந்தது, நுங்கு வந்தது, ஈச்சம்பழம் வந்தது. எல்லாம் அறுத்து, உண்டு காட்டி, ஆறிப்போய் வந்தன. மன்னர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். நாளுக்கு நாள் அவர் முகம் வாடிக்கொண்டே போனது.

சேந்தனுக்குப் பொறுக்கவில்லை. "பிரபு, அது வெறும் மாம்பழம்தான்," என்று சொல்லிவிட்டான்.

காளத்திநாதர் இந்த வாய்ப்புக்காகப் பல காலமாகக் காத்திருந்தவர். மன்னர் தம் சமையலைவிட இவன் பேச்சை விரும்புகிறார் என்ற எரிச்சல் அவருக்கு என்றும் உண்டு. அவர் மெதுவாக எழுந்து, சேந்தனுக்கு அந்தப் பழம் எதுவென்று தெரியும் என்றும், தனக்கு மட்டும் வைத்துக்கொள்ள மறைக்கிறான் என்றும், மன்னர் அறியாதவர் என்று நினைத்து மாம்பழம் என்று கேலி பேசுகிறான் என்றும் சொன்னார்.

மன்னர் சேந்தன் பக்கம் திரும்பினார்.

"மாம்பழம் எனக்குத் தெரியாதா, சேந்தா? பிறந்தது முதல் தின்கிறேன். அதைத் தின்று ஒருவர் முகம் அப்படி ஆகாது. நீ என்னை எதற்கு வேண்டுமானாலும் கேலி செய்திருக்கலாம், இதற்குச் செய்திருக்கக் கூடாது. ஆனி பிறப்பதற்குள் அந்தப் பழத்தைக் கொண்டு வா. கொண்டு வராவிட்டாலும் சரி, அந்தப் பழத்துக்கு மாம்பழம் என்ற பெயரை மறுபடியும் உன் வாயால் சொன்னாலும் சரி, உன் நாக்கு உன்னிடம் இருக்காது."

சேந்தன் வணங்கிவிட்டு வெளியே வந்தான். மாம்பழத்தைக் கொண்டுபோக வேண்டும், ஆனால் அது மாம்பழமாக இருக்கக் கூடாது. முழுப்பழத்தை மன்னர் கையில் கொடுத்துவிட்டால் போதும், மீதியைப் பழமே பார்த்துக்கொள்ளும். ஆனால் முழுப்பழத்தை யாரும் தின்று காட்ட முடியாது. தின்று காட்டினால் அது எச்சில். கல்லில் பொறித்த இரண்டு வரிகளும் இரண்டு கதவுகள் போல அவன் முன் மூடிக்கொண்டன.

அவன் கால்கள் அவனைக் காளவாய்க்குக் கொண்டுபோயின. அந்தப் பெண்ணின் பெயர் ஆண்டிச்சி. அன்று அவள் தின்ற பழம் எங்கே கிடைத்தது, அதைப் போல வேண்டும் என்று கேட்டான்.

"அன்னைக்குத் தின்ன பழத்தை இன்னைக்குக் கேட்டா எப்படிய்யா குடுக்கறது? நீங்க அரமனைக்காரரு, வயித்தைக் கீறி எடுத்தாலும் எடுப்பீங்க," என்றாள் அவள். பிறகு காளவாய்க்குப் பின்னால் நின்ற மரத்தைக் கை காட்டினாள். "அந்தா நிக்குது. யாரும் நட்டதில்லை, யாரும் கேக்கறதுமில்லை. விழறதைப் பொறுக்கிக்கிட வேண்டியதுதான்."

மரத்தடியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல நல்ல பழங்கள் தரையில் கிடந்தன. அவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு, காம்போரம் கடிபட்டு ஓட்டை விழுந்த ஒரே பழத்துக்கு மல்லுக்கு நின்றார்கள்.

"அணில் கடிச்சதை நான்தான் மொதல்ல பாத்தேன், விடுடி."

"பாத்தவளுக்கா பழம்? எடுத்தவளுக்குத்தான்."

சேந்தன் அந்த ஓட்டையைப் பார்த்தான். மரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு வேரின் மேல் உட்கார்ந்தவன் சாயங்காலம் வரை வாய் திறக்கவில்லை. சுண்ணாம்பு சுமந்து போனவர்கள் அவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

ஆனி பிறக்கச் சில நாட்களே இருந்தபோது, பழம் அகப்பட்டுவிட்டது என்றும், அது அரண்மனைக்கு வராது, மன்னர்தான் அதனிடம் வர வேண்டும் என்றும் சேந்தன் சொல்லியனுப்பினான். மன்னர் யானையைக்கூடக் கேட்காமல் நடந்தே வந்தார். காளத்திநாதர், உண்டுகாட்டி, வைத்தியர் எல்லோரும் பின்னால் வந்தார்கள். பழம் பொய்யாகிப் போனால் மன்னர் பசியாற இருக்கட்டும் என்று காளத்திநாதர் வெள்ளித் தட்டு ஒன்றை மூடி எடுத்து வந்திருந்தார்.

சேந்தன் மரத்தடியில் ஒரு பழத்தை இரு கைகளிலும் ஏந்தி நின்றான். காலையிலிருந்து காத்திருந்து, அணில் கடித்துத் தள்ளிய பழத்தைத் தரையில் விழாமல் மேல்துண்டில் பிடித்து வைத்திருந்தான். மன்னர் கை நீட்டியதும் காளத்திநாதர் குறுக்கே வந்தார்.

"பொறுங்கள், பிரபு. பாட்டனார் ஆணை இருக்கிறது. இதை யார் உண்டு காட்டினார்?"

"உண்டு காட்டியாயிற்று," என்றான் சேந்தன். "வேறோர் உயிர் உண்டு, நலமாக இருக்க வேண்டும் என்பதுதானே ஆணை? மனித உயிர் என்று கல்லில் இல்லை. உண்ட உயிர் அதோ அந்தக் கிளையில் இருக்கிறது. வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்."

வைத்தியர் அண்ணாந்து பார்த்தார். கிளையில் இருந்த அணில் வாலைத் தூக்கிக் கீச்சிட்டது. காலமெல்லாம் செய்து வந்த பழக்கம், வைத்தியர் தம்மை அறியாமல் தலையசைத்துவிட்டார்.

காளத்திநாதர் விடவில்லை. "அப்படியானால் இது எச்சில். மன்னருக்கு எச்சிலைக் கொடுப்பவனுக்கு என்ன தண்டனை என்று தெரியுமா?"

"நீங்கள் தினமும் கோயிலுக்கு அனுப்பும் தேன் எதன் வாயிலிருந்து வந்தது, ஐயா? மன்னர் பருகும் பாலைக் கன்று வாய் வைத்த பிறகுதானே கறக்கிறீர்கள்? சாமிக்கும் மன்னருக்கும் அவை எச்சில் இல்லையென்றால், இந்த அணில் மட்டும் என்ன பாவம் செய்தது?"

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மன்னர் அதற்குள் பழத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டச் சொன்னான் சேந்தன். மன்னர் உருட்டினார். பழம் உள்ளுக்குள் இளகுவதை அவர் விரல்கள் முதலில் அறிந்தன, பிறகு முகம் அறிந்தது. மோந்து பார்த்தார். வெயில் பட்ட பழம், உடம்பைப் போலச் சூடாக இருந்தது. காம்படியில் கொஞ்சம் பிசினும் புளிப்பும், அதற்கடியில் அடி தெரியாத இனிப்புமாக மணத்தது. அணில் போட்ட ஓட்டையில் வாயை வைத்தார்.

அதன் பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை.

சாறு அவர் தாடியில் இறங்கியது. மோதிரங்களுக்குள் நுழைந்தது. பட்டில் சொட்டியது. கண்கள் மூடிக்கொண்டன. சேந்தன் எத்தனையோ முறை அந்த முகத்தைச் சிரிக்க வைத்திருக்கிறான். ஆனால் அந்த முகத்துக்கு இப்படி ஓர் அமைதி தெரியும் என்று அவன் அறிந்ததில்லை. பல்லியைப் பார்த்தபடி தான் போய்ச் சேரும் இடத்துக்கு, ஒரு பழத்தைப் பிடித்துக்கொண்டு மன்னர் போய்விட்டார் என்று தோன்றியது. தன் நாக்கைப் பற்றிய பயம்கூடச் சற்று நேரம் அவனுக்கு மறந்துவிட்டது.

திடீரென்று மன்னர் கண்ணைத் திறந்தார். அவர் கையில் வழுவழுப்பாக ஏதோ பிதுங்கி வந்திருந்தது.

"இது என்ன, எலும்பா?"

"கொட்டை, பிரபு. சப்ப வேண்டும்."

மன்னர் சப்பினார். நார் பல்லில் மாட்டியது. அதை இழுத்துப் பார்த்து, மறுபடி சப்பினார். வெகுநேரம் கழித்து, தூக்கத்திலிருந்து எழுந்தவர் போன்ற குரலில் கேட்டார்: "இதன் பெயர் என்ன?"

சேந்தன் கைகளைக் கட்டிக்கொண்டான். "அந்தப் பெயரை என் வாய் சொல்லக் கூடாது என்பது தங்கள் ஆணை, பிரபு. காளத்திநாதர் வாய்க்கு அப்படித் தடை ஏதும் இல்லை."

எல்லோரும் காளத்திநாதரைப் பார்த்தார்கள். அவர் தட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். இது மிக அரிதான ஒரு பழம் என்று தொடங்கி, மேலே போக முடியாமல் நின்றார். கிளிஞ்சல் குவியலிலிருந்து ஆண்டிச்சியின் குரல் வந்தது.

"மாம்பழந்தானுங்க, மவராசா. இதைக்கூடவா அரமனையிலே சொல்ல மாட்டாங்க?"

மன்னர் நடந்து போய்க் காளத்திநாதரின் கையிலிருந்த தட்டின் மூடியை எடுத்தார். துடைத்து வைத்த மஞ்சள் துண்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துத் தின்றார். தம் கையிலிருந்த கொட்டையைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. முதலில் அழுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அது சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மரத்திலிருந்த அணிலைத் துரத்தி, உண்டுகாட்டியையும் வைத்தியரையும் தொற்றிக்கொண்டு, சுண்ணாம்புத் தூசிக்குள் நின்ற எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

சிரித்து ஓய்ந்த பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "காளத்திநாதரே, இதைப் போல இன்னும் எதையெல்லாம் எனக்கு அறுத்துக் கொடுத்திருக்கிறீர்?"

அவரை மன்னர் தண்டிக்கவில்லை. அந்த மரத்து அணில்களும் இனி மடைப்பள்ளியைச் சேர்ந்த உண்டுகாட்டிகள், அவற்றின் நலத்துக்குக் காளத்திநாதரே பொறுப்பு என்று மட்டும் சொன்னார். பிறகு தம் கழுத்திலிருந்த முத்துமாலையைச் சாறு வழியும் கையாலேயே கழற்றி, சேந்தனுக்குப் போட்டார்.

"நாக்கு உன்னிடமே இருக்கட்டும், சேந்தா. நல்ல நாக்கு."

மன்னரின் பரிவாரம் போன பிறகும் சேந்தன் மரத்தடியிலேயே நின்றான். ஆண்டிச்சி ஒரு பழத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் முத்துமாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, கிளிஞ்சல் குவியலின் மேல் அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். பழத்தை உருட்டிக் காம்பைக் கிள்ளி எறிந்தான். தப்பிப் பிழைத்த நாக்கில் முதல் சொட்டு விழுந்தது. நாட்டையே பேசிச் சிரிக்க வைத்தவன், அன்று அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை.