கொடுவாவின் மஜ்ஜை

"காணோம் மேடம். இருக்க வேண்டிய இடத்துல இல்லை. அவ்வளவுதான்" என்றார் ஆவுடையப்பன்.

ஜெனோவா நிமிரவில்லை. தொட்டியில் இருந்த கொடுவா மீன் குஞ்சுகளுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்துநான்கு வயது. அவருக்கு ஐம்பத்தொன்று. ஆனாலும் அந்தக் கடலோர ஆய்வுக்கூடத்தில் அவள்தான் குரு, அவர்தான் சீடர். அதில் அவருக்கு வருத்தமில்லை. அவள் எதையும் நேராகச் சொல்லமாட்டாள் என்பதுதான் வருத்தம்.

"எது இருக்க வேண்டிய இடம், அண்ணாச்சி?"

"முதல் வகைக்குப் பக்கத்துல."

இருபது வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், யாருடைய எலும்பு மஜ்ஜை யாருக்குச் சேரும் என்று பார்த்துச் சொன்னவர் அவர். அதற்கு அவர் பார்த்தது, உடம்புக்குள் வந்த கிருமியைக் காட்டிக்கொடுக்கும் மரபணுக்களை. அவற்றில் இரண்டு வகை உண்டு. மனிதனுக்குள் இரண்டும் ஒரே குரோமோசோமில், அண்டை வீட்டுக்காரர்கள் மாதிரி ஒட்டியே குடியிருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கொடுவாவில் முதல் வகை கிடைத்துவிட்டது. அது இருந்த குரோமோசோமை ஒரு மாதம் முழுக்கச் சலித்தார். இரண்டாம் வகை அகப்படவே இல்லை.

"இந்த மீனுக்கு அது கிடையாதுன்னு எழுதிட்டேன். அது இல்லாம தடுப்பூசி எங்க வேலை செய்யப்போகுது? முயற்சியை நிறுத்திடலாம்."

கடிதம் சட்டைப்பையில் இருந்தது. மதியம் வேதமணி வந்து வாங்கிக்கொள்வார். கடலில் கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்கிறவர். இரண்டு மழைக்காலமாக மீன்கள் நோய் கண்டு கூண்டோடு செத்து மிதக்கின்றன. இந்தக் கூடம் உருவாக்கிவந்த தடுப்பூசியைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை.

ஜெனோவா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வடக்குக் கடல்ல ஒரு மீன் இருக்கு. அதுக்கு ரெண்டாம் வகை நிஜமாவே கிடையாது. நல்லாத்தான் இருக்கு."

"அப்போ இதுக்கும் அப்படித்தானா?"

"நான் அந்த மீனைச் சொன்னேன்."

ஆவுடையப்பனுக்கு இருந்த குழப்பம் போதாது என்று இதுவேறு.

அவள் பெட்டியிலிருந்து ஒரு கொடுவாவை எடுத்து மேசைமேல் போட்டாள். வேதமணி காலையில் பிடித்து அனுப்பியது. முழங்கை நீளம் இருந்தது.

"இதோட மஜ்ஜையை எடுங்க."

"நானா? எங்க வீட்ல மீன் வாடையே ஆகாது, மேடம்."

"மூணு வருஷமா மீனோடதானே இருக்கீங்க?"

"கம்ப்யூட்டர்ல."

அவள் கத்தியை நீட்டினாள்.

வேறு வழியில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அறுத்தார். பாவம், கத்தி பிடிக்கவே வரவில்லை. ஒருவழியாக நடுமுள்ளை எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. விலாமுள்ளைப் பார்த்தார். தலை எலும்பைக்கூட உடைத்துப் பார்த்துவிட்டார். ரத்தம் ஊறும் மஜ்ஜையை இருபது வருடம் பார்த்த கண் அது. ஏமாறாது.

"இல்லை, மேடம்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"எல்லா முள்ளும் பார்த்தாச்சு. ரத்தம் ஊறுற மஜ்ஜை இந்த மீனுக்குக் கிடையாது. சத்தியமா."

"சரி. எழுதிக்கோங்க."

"என்னன்னு?"

"கொடுவாவுக்கு ரத்தம் கிடையாதுன்னு."

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். விளையாடுகிறாளா, மெய்யாகச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

மணிக்கட்டுவரை சிவந்திருந்தது.

"அப்போ இது எங்கேயிருந்து வருது?"

அவள் மறுபடி குஞ்சுகளிடம் போய்விட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம். வேதமணி உள்ளே எட்டிப்பார்த்தார். ஆவுடையப்பனின் கைகளைக் கண்டு ஒரு கணம் திகைத்துப்போனார்.

"என்ன சார், நீங்களா மீன் அறுக்கீங்க? லெட்டர் ரெடியா?"

ஆவுடையப்பன் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மேடம், கொடுவாவுக்கு மொத்தம் எத்தனை குரோமோசோம் ஜோடி?"

"இருபத்துநாலு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார்.

பிறகு வேதமணியிடம் திரும்பினார்.

"லெட்டர் இல்லைங்க. ஒரு குரோமோசோம்லதான் தேடியிருக்கேன். இன்னும் இருபத்துமூணு பாக்கி இருக்கு."