இறங்கு என்று சொல்லும் உரிமை

அநியாயம் நடந்தது சிலம்பாயிக்கு. அவள் புருஷன் மருதய்யனை வானத்தில் ஏற்றிவிட்டு, இறக்க மாட்டோம் என்றார்கள்.

முன்னொரு காலத்தில் கடலோரச் சீமை ஒன்றை அரிகண்ட ராசா ஆண்டு வந்தார். மேகத்துக்கும் மேலே நின்று புயல் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல அவரிடம் ஒரு வான்கலம் இருந்தது. கடலுக்குப் போகும் படகெல்லாம் அதை நம்பித்தான் போகும். கலத்தை இறக்க அரண்மனை முற்றத்தில் ஒரு சக்கரம். மேலே இருப்பவனுக்குத் தோல்பைகளில் அடைத்த மூச்சுக்காற்று. அது குறையக் குறையக் கலத்தின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். மஞ்சளானதுமே சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும் என்பது வழக்கம்.

ராசாவுக்கு எதுவும் சீக்கிரம் சலித்துவிடும். தச்சர் சண்டை, கொல்லர் சண்டை, ஓயாத பழுது என்று கலமும் சலித்தது. அந்த நேரம் பார்த்து அவைப் பெரியவர் நிதிவாணர் அவர் காதைக் கடித்தார். கலத்தையும் சக்கரத்தையும் தன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டால் கட்டுவது, ஓட்டுவது எல்லாம் தன் பாடு, புயல் சேதி மட்டும் ராசாவைத் தேடி வரும் என்றார். ராசா கொட்டாவி விட்டுக்கொண்டே முத்திரை குத்தினார். உள்ளதைச் சொல்ல வேண்டுமே, அதற்கப்புறம் கலம் முன்னைவிட வேகமாகத்தான் பறந்தது.

ஆனால் இன்று மருதய்யன் ஏறிய கலத்தில் விளக்கு மஞ்சளாகி வெகுநேரம் ஆகிவிட்டது. சக்கரம் அசையவில்லை. சிலம்பாயி முற்றத்துக்கு ஓடிவந்து கேட்டாள். மருதய்யன் மேலிருந்து தனக்காக முத்துப் படுகை தேடிக்கொண்டிருக்கிறான், தேடி முடிக்கட்டும் என்றார் நிதிவாணர்.

அவள் ராசாவிடம் ஓடினாள். ராசாவோ, அதே முற்றத்தில் நிதிவாணர் புதிதாகச் செய்து நிறுத்தியிருந்த குட்டிக் கலத்தில் ஏறிப் பார்க்கும் குஷியில் இருந்தார். "எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதானே அம்மா. அவர் கலம், அவர் பாடு" என்று சொல்லிவிட்டு உள்ளே காலை வைத்தார்.

கெஞ்சி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சிலம்பாயிக்குப் புரிந்துவிட்டது. குரலை அடக்கிக்கொண்டாள். "நல்லா ஏறுங்க ராசா. கொடிமர உயரத்துக்குப் போனால்தான் நாடு முழுக்கத் தெரியும்."

ராசா ஏறினார். வானத்து விளக்கின் ஓரம் சிவக்கத் தொடங்கியது.

சிலம்பாயி நிதிவாணர் பக்கம் திரும்பினாள். மேலே இருப்பவருக்கும் கேட்கும்படி கேட்டாள். "ஐயா, ராசா ஏறியிருக்கிற கலம் யாருடையது?"

"இதென்ன கேள்வி? என்னுடையதுதான்."

"அது எப்போ இறங்கும்?"

நிதிவாணர் ராசாவை அண்ணாந்து பார்த்தார். தான் நினைக்கும்போது என்று சொன்னால் தலை தப்பாது. "ராசா சொல்லும்போது" என்றார் மெல்ல.

"அப்படின்னா கலம் உங்களுடையது, இறங்குன்னு சொல்ற சொல் ராசாவுடையது. என் புருஷன் கலத்துக்கு மட்டும் அந்தச் சொல் எப்படி உங்களுக்கு வந்தது?"

"ஏம்மா, ராசாவும் உன் புருஷனும் ஒன்றா?"

"ராசா வேலைக்குத்தானே அவர் மேலே போனார்? படகுக்காரங்க யாரை நம்பிக் கடலுக்குப் போறாங்க, உங்களையா?"

அந்நேரம் காற்று அடித்துக் குட்டிக் கலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முகம் வெளுத்துப்போன ராசா இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டார். நிதிவாணர் பதறி ஓடி, அவரை இறக்கச் சக்கரத்தில் கை வைத்தார். இரண்டு கலத்துக்கும் அந்த ஒரே சக்கரம்தான்; ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் இறக்கும். சிலம்பாயி வானத்தைப் பார்த்தாள். விளக்கு முழுச் சிவப்பு.

மேலிருந்து ராசாவின் குரல் நடுங்கிக்கொண்டே வந்தது.

"கையை எடுமய்யா. முதலில் ஏறினவனை முதலில் இறக்கும். நீர் கலம் கட்டும், கூலி வாங்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சக்கரம் இனி அரசாங்கத்துடையது. மருதய்யன் தரையில் கால் வைத்து மூச்சு விடுகிற வரைக்கும் நான் இங்கேயே தொங்குகிறேன். அவனைத் தொங்கவிட எழுதிக் கொடுத்தவன் நான்தானே."