பின்சக்கரம் துள்ளிய வண்டி

“தப்பு என் தம்பி கால்லதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க, வாத்தியாரம்மா. அது போதும்.”

திருமூர்த்தி இதைச் சொன்னபோது, ரெஜினாவின் பட்டறை வாசலில் அவருடைய ரேஸ் கார் இழுவை லாரியிலிருந்து இன்னும் முழுதாக இறங்கவில்லை.

ரெஜினா அவரைவிடப் பத்து வயது இளையவர். ரேஸ் வண்டிகளுக்கு, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனை அமைத்துத் தரும் இன்ஜினியர். கோயமுத்தூர்ப் பக்கம் வேகமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அவர் வாத்தியாரம்மாதான்.

“என்ன ஆச்சுங்க?”

“ஞாயித்துக்கிழமை சோதனை ஓட்டம். கொடி இறங்குச்சு. தம்பி பூபதி ஆக்சிலேட்டரை மிதிச்சான். பின்சக்கரம் ரெண்டும் தடதடன்னு துள்ளுச்சு. வண்டியே உதறுச்சு. அப்புறம் டமார்னு ஒரு சத்தம். பின்சக்கரத்தைச் சுத்துற ஆக்சில் முறிஞ்சு போச்சுங்க.”

“நீங்க என்ன பண்ணுனீங்க?”



“எல்லார் முன்னாடியும் திட்டிப்போட்டேன். மிதிக்கத் தெரியாதவனுக்கு வண்டி எதுக்குடான்னு கேட்டேன். ஹெல்மெட்டைக் கழட்டி பானட் மேல வெச்சுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லீங்க.”

ரெஜினா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“என்னென்ன மாத்துனீங்க?”

“இன்ஜின்ல பவர் ஏத்துனேன். டயரு அகலமா, நல்லாப் பிடிக்கிற மாதிரி போட்டேன். கிளட்ச் புதுசு. எல்லாம் என் கையாலயே பண்ணுனதுங்க. வண்டில ஒரு குறையும் இல்ல.”

“சரி. உள்ள தள்ளலாம்.”

திருமூர்த்தி பின்னால் போய்க் கைவைத்தார். ரெஜினா ஒரு பழைய சீட்டின் ஸ்பாஞ்சை எடுத்து வந்து அவர் காலடியில் போட்டார்.

“இது மேல நின்னு தள்ளுங்க.”

“எதுக்குங்க?”

“தள்ளுங்க.”

தள்ளினார்.

ஸ்பாஞ்ச் அமுங்கிச் சுருண்டது. கால் வழுக்கியது. சுருண்டது சட்டென்று விரிந்தது. கால் பிடித்தது. உடனே மறுபடி வழுக்கியது. உடம்பெல்லாம் உதறியது. முட்டி பம்பரில் போய் இடித்தது.

வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை.

“காலை ஒழுங்கா ஊனுங்க.”

“ஊனித்தானுங்க தள்றேன்!”

“தள்ளத் தெரியாதவருக்கு வண்டி எதுக்குங்க?”

திருமூர்த்தி வெடுக்கென்று திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

காலடியைப் பார்த்தார்.

பிறகு ஸ்பாஞ்சை விட்டு இறங்கி, சிமெண்ட் தரையில் கால் வைத்துத் தள்ளினார். வண்டி பட்டறைக்குள் போனது.

யாரும் சொல்லாமலேயே அதை லிஃப்டில் ஏற்றினார். டார்ச்சை வாங்கிக்கொண்டு அடியில் போய் நின்றார்.

பின்சக்கரம் இரண்டையும் தாங்குகிற இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தை வண்டியோடு சேர்க்கிற இடங்களில் ரப்பர் புஷ். வண்டி தயாரான அன்றைக்குப் போட்டது. வெடித்திருந்தது.

ஒரு கம்பியைக் கொடுத்து லேசாக நெம்பினார். சட்டம் ஒரு விரல் அளவு நகர்ந்தது. கையைத் தளர்த்தியதும், காலடியில் விரிந்த ஸ்பாஞ்ச் மாதிரியே, துள்ளிப் பழைய இடத்துக்கு வந்தது.

மறுபடி நெம்பினார். மறுபடி துள்ளியது.

டார்ச்சை அணைத்தார். ஆனால் அடியிலிருந்து வெளியே வரவில்லை.

“கெட்டியான புஷ் போட்டுக்கலாம்,” என்றார் ரெஜினா. “ஆனா இந்தச் சொகுசு இருக்காது. அடியில என்ன நடந்தாலும் உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டுங்க.”

அங்கேயே நின்றபடி தம்பிக்குப் போன் அடித்தார். வெகுநேரம் மணி அடித்தது. கடைசியில் எடுத்தான்.

“பூபதி... அந்தப் புஷ்ஷை நான் மாத்தாம விட்டுட்டேன்டா.”

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“பின்னாடி சட்டத்துப் புஷ்ஷா?”

“ஆமா.”

“பெரிய ஸ்பேனர் என்கிட்டதானே இருக்கு,” என்றான் பூபதி. “நீ எங்கண்ணா இருக்கே?”