முப்பது அடி வில்லும் மூன்று மலை தாண்டும் கண்ணாடியும்

குப்பாண்டி என்ற நரி வில்வேட்டை பழகியிருந்தது. தன் குறி தப்பவே தப்பாது என்று அதுவே சொல்லிக்கொள்ளும். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நாலு நாளாக அது வெறுங்கையோடுதான் குகைக்குத் திரும்பியது. மூன்று குட்டிகளும் பசியில் சுருண்டு கிடந்தன. மனைவி செங்கமலத்துக்கோ காலில் முள் தைத்து நடக்க முடியவில்லை.

"இன்னைக்கும் சும்மா வந்தா பிள்ளைங்க தாங்காதுங்க!" என்றது செங்கமலம்.

குப்பாண்டி யோசித்தது. குறை தன்னிடம் இருக்க வாய்ப்பே இல்லை. அப்படியானால் கருவி போதவில்லை! நேரே குரங்கு மருதாயியின் கடைக்குப் போனது.

அங்கே தெர்மல் கருவிகள் தொங்கின. இருட்டிலும் சரி, புல் மறைவிலும் சரி, உடம்புச் சூட்டை வைத்து உயிர்களை வெள்ளையாகக் காட்டும் கண்ணாடிகள் அவை.

"உங்க அம்பு எவ்வளவு தூரம் போகும் அண்ணே?" என்று கேட்டது மருதாயி.

"முப்பது அடி. காத்து தள்ளிவிட்டா நாப்பது!"

"அப்போ இந்தச் சின்னது போதும். கழுத்துல மாட்டிக்கலாம். கிட்டத்துல இருக்கிறது பளிச்சுன்னு தெரியும்."

"அந்தப் பெரிசு?"

"அது மூணு மலை தாண்டிப் பார்க்கும். ஆனா ரெண்டு கையாலயும் பிடிக்கணும், பக்கத்துல இருக்கிறது தெரியாது. உங்களுக்கு ஆகாது அண்ணே."

"எனக்கா ஆகாது? எடு அந்தப் பெரிசை!"

வெயில் சாய்ந்ததும் குப்பாண்டி குன்றின்மேல் ஏறியது. வில்லைக் கீழே வைத்தது. வேறு என்ன செய்யும்? இரண்டு கையிலும் கருவி!

அடேயப்பா! எதிர்மலையில் ஒரு மான்! அதற்கும் அப்பால் ஏழு முயல்கள்! குப்பாண்டிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. குறுக்கே இரண்டு ஆறும் ஒரு பள்ளத்தாக்கும் மட்டும்தான்.

திடீரென்று கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஏதோ மறைத்தது. "சே, அழுக்கு!" என்று வாலால் துடைத்தது. போகவில்லை. ஊதிவிட்டு மறுபடியும் துடைத்தது.

"கூச்சமா இருக்கு மாமா!" என்று ஒரு குரல் கேட்டது.

கருவியை இறக்கினால், மூக்குக்கு நேராக ஒரு கொழுத்த முயல்! "அப்படி என்னத்தைப் பார்க்கிறீங்கன்னு பார்க்க வந்தேன்" என்றது. குப்பாண்டி வில்லை எடுக்கக் குனிவதற்குள் முயல் புதருக்குள் பாய்ந்துவிட்டது.

"நானெல்லாம் ஒரு நரி!" என்று குப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டது. வெறுப்போடு கருவியைத் தூக்கி எங்கேயோ திருப்பியது. அது குகையின் பக்கம் திரும்பி நின்றது. வாசலில் ஒரு பெரிய வெள்ளை உருவம். அதை ஒட்டி மூன்று சின்ன உருவங்கள். நான்கு மூக்கும் குப்பாண்டி வரும் பாதையை நோக்கியே இருந்தன.

குப்பாண்டிக்கு அழுகை வந்துவிட்டது.

கருவியைப் பாறையிலேயே போட்டுவிட்டு வில்லை எடுத்தது. மூக்கைத் தரையில் பதித்து நடந்தது. கொஞ்ச தூரத்திலேயே காட்டுக்கோழி வாசனை! முதல் அம்பு மரத்தில் பட்டது. இரண்டாவது கோழியில் பட்டது.

அன்றிரவு குகையில் குப்பாண்டி கண்ணாடி வாங்கிய கதையைச் சொன்னது. எலும்பைக் கடித்தபடியே குட்டிகள் கேட்டன: "அப்பா, அந்தக் கண்ணாடியில என்னதான் தெரிஞ்சுது?"

"எல்லாமே தெரிஞ்சுது கண்ணுகளா, என் முட்டாள்தனத்தைத் தவிர. அதை அந்த முயல்தான் காட்டிச்சு!"

தன் அம்பு எட்டும் தூரத்தை எண்ணாமல் பெருமைக்குக் கருவி தேடுகிறவன், பக்கத்தில் இருக்கும் இரையையும் பறிகொடுப்பான்.