சிரிக்க மறுத்த வெள்ளையம்மா

முன்னொரு காலத்தில் கோட்டுமலை நாட்டை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் தோட்டக்காரனைத் திட்டித் தீர்த்துவிட்டு, மாலையில் அவனுக்கே பட்டு போர்த்துகிற ஆள். எந்த நேரத்தில் எது நடக்கும் என்று அவனுக்கே தெரியாது.

அவனுக்கு இளஞ்சேந்தன் என்று ஒரே பிள்ளை. பிள்ளையை வளர்க்கிற பொறுப்பு விடங்கப்பரிடம் இருந்தது. அமைச்சர் திருமேனிக்கு அரசன் கொடுக்கும் மரியாதையைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தவர் இந்த விடங்கப்பர். தானும் ஏதாவது பெரிதாகச் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு சட்டத்தை எழுதி எடுத்துவந்தார்.

"மன்னா, பிறர் அழுவதைப் பார்த்தால் இளவரசரின் மனம் இளகிவிடும். இளகிய மனம் நாடாளாது. ஆகவே இளவரசரோடு விளையாடும் பிள்ளைகள் அடிபட்டால் அழக் கூடாது. சிரிக்க வேண்டும்."

"அடடா, இது எனக்குத் தோன்றவில்லையே" என்று அரசன் முத்திரை குத்திவிட்டான். அமைச்சர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது?

அன்றிலிருந்து இளவரசன் கிள்ளினால் பிள்ளைகள் சிரித்தன. தள்ளிவிட்டால் விழுந்த இடத்திலேயே சிரித்தன. முட்டியில் ரத்தம் வழியும், வாய் சிரிக்கும். வீட்டுக்குப் போய் அம்மா மடியில் முகம் புதைத்துக்கொண்டு அழும். பெரியவர்கள் இத்தனை பேர் இருந்த அரண்மனையில் இதெல்லாம் நடந்தது.

ஒருநாள் இளவரசன் பம்பரம் விட்டான். சாட்டையைச் சுண்டி வீசிய வேகத்தில் பம்பரத்தின் ஆணி, யானைப்பாகன் கண்ணையனின் மகள் வெள்ளையம்மாவின் பாதத்தில் இறங்கிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "வலிக்குது" என்று ஓங்கி அழுதாள்.

அவ்வளவுதான். பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அவளும், அவளைத் தூக்கிக்கொண்டு கண்ணையனும் சபையில் நிற்க வேண்டியதாயிற்று.

"அரச ஆணையை மீறிவிட்டாள். விடிவதற்குள் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார் விடங்கப்பர்.

"போறோம் சாமி. ஆனா எங்கே போறதுன்னு தெரியலை" என்றான் கண்ணையன்.

இளவரசன் அரசனின் மடியிலிருந்து எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "அப்பா, நான் அவளைச் சிரிக்க வைக்கத்தானே வீசினேன்? நான் அடிச்சா எல்லாருக்கும் பிடிக்குமே. இவளுக்கு மட்டும் ஏன் பிடிக்கலை?"

"பார்த்தீர்களா மன்னா, எவ்வளவு அன்பான குழந்தை" என்று பூரித்தார் விடங்கப்பர்.

திருமேனிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு குழந்தையின் காலைக் கிழித்தார்கள், இன்னொரு குழந்தையின் கண்ணைக் கட்டிவிட்டார்கள், இதற்குப் பெயர் வளர்ப்பாம். ஆனால் கத்தினால் இந்த அரசனிடம் காரியம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். கைகட்டி எழுந்து நின்றார்.

"மன்னா, தண்டனை கொடுங்கள். அதற்கு முன் ஒன்று. பாவம், இந்தப் பெண்ணுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. சட்டம் எழுதியவரே ஒருமுறை சிரித்துக் காட்டினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக இருக்குமே."

அரசனுக்கு வேடிக்கை என்றால் உயிர். "நல்ல யோசனை. விடங்கப்பரே, முன்னால் வாரும்."

"மன்னா, எனக்கு வயதாகிவிட்டது."

"சிரிப்பதற்கு என்ன வயது ஐயா?" என்றார் திருமேனி. "செருப்பை மட்டும் கழற்றிவிடுங்கள்."

இளவரசன் துள்ளிக்கொண்டு இறங்கினான். இத்தனை நாள் இவருக்கு விளையாட்டே காட்டவில்லையே என்று அவனுக்கு வருத்தம்கூட. சாட்டையைச் சுற்றினான், வீசினான். பம்பரம் விடங்கப்பரின் கட்டைவிரலில் இறங்கியது.

"ஹ... ஹஹ்ஹா" என்றார் விடங்கப்பர். கண் பிதுங்கியது.

"சிரிக்கிறார், சிரிக்கிறார்" என்று கைதட்டிய இளவரசன் மறுபடியும் வீசினான். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். பலமாகச் சிரித்தால் மிகவும் பிடித்திருக்கிறது என்றுதானே பொருள்? அவன் இன்னும் வேகமாக வீசினான். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அரசனும்தான்.

"போதும் இளவரசே, ஹஹ்ஹா, போதும்."

"சிரிச்சுக்கிட்டே ஏன் போதும்ங்கறீங்க? இன்னும் ஒண்ணு."

அந்த ஒன்றில் விடங்கப்பர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, வலிக்கிறது" என்று குழந்தைபோல் விம்மினார்.

இளவரசனின் கை அப்படியே நின்றது. அவரருகே குனிந்து பார்த்தான். "முன்னாடி சிரிச்சீங்களே, அப்பவும் வலிச்சுதா?"

அவர் தலையாட்டினார்.

அவன் மெல்லத் திரும்பி வெள்ளையம்மாவைப் பார்த்தான். "நீ சிரிச்சப்பல்லாம்?"

"ஆமா" என்றாள் அவள். "எல்லாருக்கும் வலிக்கும். சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்காங்க."

சபையில் சிரிப்பு அடங்கிப்போயிற்று. அரசன் தலை குனிந்தான். சற்றுமுன் வயிறு குலுங்கச் சிரித்தவன் அல்லவா அவனும்? அந்த இடத்திலேயே சட்டத்தைக் கிழித்துப் போட்டான். கண்ணையன் குடும்பம் எங்கும் போக வேண்டாம் என்றான். விடங்கப்பரின் பதவியைப் பறித்துத் திருமேனியிடம் கொடுத்தான். தன் விரலிலிருந்த மோதிரத்தையும் கழற்றி நீட்டினான்.

திருமேனி வாங்கவில்லை. "மோதிரம் எதற்கு மன்னா? மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்தப் பெண் எவ்வளவு நேரமாகக் காலில் ரத்தத்தோடு இருக்கிறாள். இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே."

மருத்துவரை அழைக்க ஆள் ஓடினான். இளவரசன் வெள்ளையம்மாவின் முன் வந்து நின்றான். என்ன செய்வது என்று தெரியவில்லை. யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால்தானே தெரியும்.

"நான் என்ன பண்ணணும்?"

"ஊதிவிடு."

"ஊதினா வலி போயிடுமா?"

"போகாது. இருந்தாலும் ஊது."

அவன் மண்டியிட்டு, கன்னம் உப்ப, அந்தப் பாதத்தில் ஊதினான். கீழே உட்கார்ந்திருந்த விடங்கப்பர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரும் கவனிக்காதபடி தன் காலையும் மெல்ல நீட்டி வைத்துக்கொண்டார்.