பாதி வழிப் பல்லக்கு

ஆலம்பொட்டல் ஜமீன்தாரின் பல்லக்கைத் தூக்கியவர்கள் நான்கு பேர். அவர்களில் பருமனானவன் மொக்கையன்.

"உடம்பு பெருத்தவனுக்கு நடை மந்தம். பாதி போதும்," என்று அவன் கூலியை மட்டும் ஜமீன்தார் குறைத்தார். ஜமீன்தாரும் பெருத்த உடம்புக்காரர்தான்.

"உத்தரவு எசமான்," என்றான் மொக்கையன்.

மறுநாள் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஜமீன்தார் பல்லக்கில் கிளம்பினார். மேளம் ஓய்வதற்குள் போய்ச் சேராவிட்டால் முதல் மரியாதைப் பரிவட்டம் பங்காளிக்குப் போய்விடும். வறண்ட ஆற்றின் நடுவில் மொக்கையன் பல்லக்கை இறக்கச் சொன்னான்.

"ஏன்டா நிறுத்தினே?"

"பாதி வழி வந்தாச்சுங்க. உடம்பு பெருத்தவங்களுக்குப் பாதி போதும்னு எசமான்தானே சொன்னீங்க!"

மற்ற மூவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஜமீன்தார் ஒரு காலை மணலில் வைத்தார். சுட்டது. உடனே உள்ளே இழுத்துக்கொண்டார்.

"முழுக் கூலியும் தரேன், தூக்குடா!"

மேளம் ஓயுமுன் பல்லக்கு கோயில் வாசலில் நின்றது. முன்தண்டில் மொக்கையன்.